காட்டுப்பன்றி: சுடுவதா, வேலி போடுவதா, காவல் இருப்பதா?

மதுரை மாவட்டத்தில், பாலமேட்டில் கரும்பு, உசிலம்பட்டியில் கடலை, டி.கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளம். பயிர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: காட்டுப்பன்றியை வேட்டையாட எப்படி ஆரம்பிப்பது? லைசென்ஸ் துப்பாக்கி வாங்கினால் சுடலாமா? இல்லை, அந்தப் பணத்தை வேலியில் போடலாமா?

முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் தனியாள் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வாங்கியிருந்தாலும் அதே பதில்தான். மிச்சம் இருப்பது வனத்துறை வழியாகச் சுடச் செய்வது, பலவகை வேலிகள், விரட்டிகள், இராக்காவல். இவற்றில் எது உங்கள் நிலத்துக்குச் சரி என்பதை விலையை வைத்து முடிவு செய்தால் பெரும்பாலும் தப்பாகவே போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

வந்தது காட்டுப்பன்றிதானா? பறித்துப் போட்டதெல்லாம் பன்றி வேலை இல்லை. காட்டுப்பன்றி மூக்கால் உழும். மண் பாத்தி பாத்தியாகப் புரண்டு கிடக்கும். இரட்டைக் குளம்பும், அதன் பின்னால் கொஞ்சம் விலகி இரண்டு சிறு புள்ளிகளும் ஈரமண்ணில் பதிந்திருக்கும். வரப்போர மரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். தென்னங்கன்றின் அடியைக் கடித்துக் குதறியது முள்ளம்பன்றியாக இருக்கலாம். விதைத்த கடலையை ஒவ்வொன்றாகக் கொத்தியெடுத்தது மயிலாகவும் இருக்கலாம். டவுனை ஒட்டிய ஊர்களில் வளர்ப்புப் பன்றிகளை மேய விட்டுவிடுகிறார்கள். அது வனத்துறை விஷயம் அல்ல, உள்ளாட்சியில் புகார் கொடுக்க வேண்டியது.

பகலில் எங்கே படுக்கிறது? இதைக் கேட்காமல் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம். அழகர்மலை, சிறுமலை, சாப்டூர் மலையடிவாரங்களில் பன்றி காட்டிலிருந்து இறங்கி வந்து விடியுமுன் திரும்பிவிடும். சமவெளியில் நிலைமை வேறு. கண்மாய்க்குள் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம்தான் அங்கே காடு. பகல் முழுக்க அந்த நிழலில் சேற்றில் புரண்டுவிட்டு, இருட்டியதும் பக்கத்து மடையைத் தாண்டி வயலுக்குள் வரும். மலையே கண்ணுக்குத் தெரியாத ஊரில் பன்றித் தொல்லை இருப்பதற்குக் காரணம் இதுதான். காப்புக்காட்டு (ரிசர்வ் ஃபாரஸ்ட்) எல்லையிலிருந்து உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் அந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் மாறுகிறது.

ஆபத்து எத்தனை நாள்? கடலைக்கு விதைத்த முதல் 10 நாளும், காய் திரளும் 60-ஆம் நாள் முதல் பறிக்கும் வரையும். மக்காச்சோளத்துக்குப் பால் பிடிப்பதிலிருந்து அறுப்பு வரை, அதாவது கடைசி 45 நாள். கரும்புக்கு வருடம் பூராவும். தின்பது மட்டுமில்லாமல் தோட்டத்துக்குள்ளேயே குடியும் இருந்துவிடும். தென்னங்கன்றுக்கு இரண்டு மூன்று வருடம். 45 நாள் ஆபத்துக்கு 20 வருடம் நிற்கும் வேலி போடுவதும், வருடம் முழுக்க உள்ள ஆபத்துக்கு வயலைச் சுற்றிச் சேலை கட்டுவதும் ஒரே மாதிரித் தப்பு.

சுற்றளவு. வேலிக்காரர் ஏக்கர் கணக்கில் பேசுவார். செலவு மீட்டர் கணக்கில்தான் வரும். சதுரமான 1 ஏக்கரின் சுற்றளவு சுமார் 254 மீட்டர். அதே 1 ஏக்கர் 30 மீட்டர் அகலத்தில் நீளமாகக் கிடந்தால் 330 மீட்டர். நாலு பேர் தனித்தனியாக ஆளுக்கு 1 ஏக்கரை அடைத்தால் மொத்தம் 1,016 மீட்டர். நாலையும் ஒரே சதுரமாகச் சேர்த்து அடைத்தால் 509 மீட்டர், பாதி. பங்காளித் தகராறால் இந்தப் பாதியை விட்டுவிடுகிற ஊர்கள் எத்தனையோ.

கீழ் ஒரு அடி. காட்டுப்பன்றி தாண்டுவதை விட நுழைவதில்தான் கெட்டி. மூக்கைக் கொடுத்து நெம்பும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். வேலியின் உயரத்தைப் பேசி விலை சொல்கிறவரிடம், தரையை ஒட்டிய ஒரு அடியில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். கீழே வருகிற ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு அடியை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

## சுடச் செய்வது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல. விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைத்துப் பிடிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பக்கத்திலேயே கேரளத்தில் 2022 முதல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு கம்பம், போடி வழியாக இங்கே வரும் பேச்சை நம்பிவிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவு இது:

- காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள்: பிடிக்கவும் முடியாது, சுடவும் முடியாது.
- 1 முதல் 3 கி.மீ. வரை: வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விடும்.
- 3 கி.மீ.க்கு அப்பால்: பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவார்கள்.

சுடுவது அவர்கள், உங்கள் வேலை மனுக் கொடுப்பதும் இடத்தைக் காட்டுவதும். விஏஓ, ஊராட்சி, வனத்துறை மூன்று தரப்பையும் ஒன்றாக நகர்த்த வேண்டியிருப்பதால் தனி ஆளாகப் போவதை விட ஊராகப் போவது பலன் தரும். எந்தக் கண்மாயில் படுக்கிறது, எந்த மடை வழியாக வெளியே வருகிறது, எந்த நேரத்தில் என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுளுவாகும். ‘தொல்லை தாங்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதிய மனுவை வைத்து யாரும் இடம் தேட முடியாது.

இதில் மறைந்திருக்கும் செலவு, காலம். கடலை பறிக்க இருபது நாள் இருக்கும்போது கொடுத்த மனு இந்தப் பயிரைக் காப்பாற்றாது. இன்னொன்று, பெட்டைப் பன்றி சுமார் 115 நாள் சினையில் நாலு முதல் ஆறு குட்டி போடும். ஒன்றிரண்டைச் சுட்டால் கூட்டம் சில வாரம் ஒதுங்கும். படுக்கும் புதர் அப்படியே இருந்தால் அந்த இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். கண்மாய்க் கருவேலத்தை உரிய அனுமதி, ஏலம் மூலம் வெட்டுவதற்கும் சேர்த்தே மனுப் போடுங்கள். சுட்ட உடல் அரசுச் சொத்து; கறிக்குக் கிடைக்காது.

சமவெளியில், காட்டைவிட்டு நன்றாகத் தள்ளி, ஊரே சேர்ந்து நிற்கிற இடத்தில் இந்த வழி நல்லது. மலையடிவாரத்தில் இதை மறந்துவிடலாம்.

## சோலார் மின்வேலி

பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான், ஆனால் பராமரிப்பவருக்கு மட்டும். போட்டுவிட்டு மறந்துபோகிற குணமுள்ளவர் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

ஜட்கா மெஷின் என்று விற்கப்படும் எனர்ஜைசர், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை 5,000 முதல் 10,000 வோல்ட் வரை ஒரு தட்டுத் தட்டும். ஒவ்வொரு தட்டும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே இருப்பதால் தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள முடிகிறது. வீட்டு மின்சாரம் விடாமல் பாய்ந்து சதையை இறுக்கிப் பிடித்துவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர் விஷயம். எனர்ஜைசரில் ஐ.எஸ். 302 (பகுதி 2, பிரிவு 76) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ‘50 ஏக்கர்’ என்று எழுதியிருப்பது புல்லே படாத கம்பிக்குப் போட்ட கணக்கு. கேட்க வேண்டியது வெளியீட்டு ஜூல், அதாவது ஒரு தட்டில் கம்பிக்குப் போகும் ஆற்றல், எவ்வளவு என்பதைத்தான். மெஷினுக்குள் சேமிக்கும் ஆற்றலான சேமிப்பு ஜூலைச் சொல்லி விற்பவரும் உண்டு.

கம்பி எங்கே? பன்றியின் முடியும் தோலும் தடிமன். தோளில் பட்ட அதிர்ச்சி அதற்கு உறைக்காது, ஈர மூக்கில் பட்டால்தான் உறைக்கும். அதனால் முதல் கம்பி தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலத்துக்குள், இரண்டாவது 12, மூன்றாவது 20. பன்றிக்கு இந்த மூன்றே போதும். மாடு, மானுக்கும் சேர்த்து என்றால் 30-இலும் 42-இலும் இன்னும் இரண்டு. மேடுபள்ளத்தில் வேலிக்காலுக்கு வேலிக்கால் 4 மீட்டருக்கு மேல் விட்டால் பள்ளத்தில் முதல் கம்பி ஒன்றரை அடிக்கு உயர்ந்துவிடும். வழி அங்கேதான் உண்டாகும்.

2.5 மி.மீ. ஜிஐ கம்பி கிலோவுக்குச் சுமார் 26 மீட்டர் வரும். சதுரமான 4 ஏக்கருக்கு ஐந்து வரி என்றால் 2,545 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 98 கிலோ. தனி ஏக்கருக்கு 49 கிலோ. விலைப்பட்டியல் வாங்கும்போது இந்தக் கணக்கோடு போங்கள்.

எர்த். வேலி சரியில்லை என்று வரும் புகாரில் பாதி இங்கேதான் முடியும். மிருகம் கம்பியைத் தொட்டதும் மின்சாரம் அதன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக எனர்ஜைசருக்குத் திரும்ப வேண்டும். குறைந்தது மூன்று ஜிஐ ராடு, ஒவ்வொன்றும் 5 முதல் 6 அடி, 10 அடி இடைவெளியில், ஈரம் நிற்கும் இடத்தில் அடிக்கவும். பம்புசெட் எர்த்தோடு சேர்க்கக் கூடாது. பங்குனி சித்திரையில் மேல்மண் காய்ந்து சுற்று அறுபடும். ராடில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் அந்த மாதங்களில் பத்தாது. கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்று எர்த்தோடு இணைத்துவிட்டால் இரண்டையும் சேர்த்துத் தொடும் பன்றிக்கு மண்ணின் தயவில்லாமலே அதிர்ச்சி விழும்.

எங்கே கெடும்? ஐப்பசி கார்த்திகையில் களை கம்பியைத் தொடும். ஒவ்வொரு ஈரப்புல்லும் கொஞ்சம் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும். வேலிக்கடியில் 2 அடிப் பட்டையைச் சுத்தமாக வைக்க 15 நாளுக்கொரு முறை ஆள் இறங்க வேண்டும். விலைப்பட்டியலில் வராத பெரிய செலவு இந்தக் கூலிதான். வாரம் ஒரு முறை வேலியின் கடைக்கோடியில் மின்வேலிக்கான டெஸ்டர் வைத்துப் பாருங்கள். 4,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் பன்றி மதிக்காது. இடிக்கு, மின்னலை மண்ணுக்கு இறக்கிவிடும் டைவர்ட்டர் தேவை. எனர்ஜைசரும் பேட்டரியும் மோட்டார் ரூமுக்குள் பூட்டில் இருக்கட்டும். பேனல் திருட்டுப் போகிற ஊரென்றால் கூரைமேல் வெல்டிங் செய்துவிடுங்கள்.

பலரும் செய்கிற ஒரு காரியம்: கம்பியைக் கட்டிவிட்டு, எனர்ஜைசர் வரும்வரை நாலு நாள் சும்மா விட்டுவிடுவது. அந்த நாலு நாளில் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம் என்று கூட்டம் பழகிவிடும். அப்புறம் மின்சாரம் வந்தாலும் பட்ட வேகத்தில் முன்னால் பாயுமே தவிரப் பின்வாங்காது. கடைசிக் கம்பி கட்டிய அன்று ராத்திரியே உயிர் கொடுத்துவிட வேண்டும். முன்னதாக உள்ளே எதுவும் படுத்திருக்கவில்லை என்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி காட்டோர நிலத்தில் வேலி போடுவதற்கு முன் வனத்துறை அனுமதி வேண்டும், பழைய வேலிகளையும் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். வேளாண் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. மானியம் வேண்டுமென்றால் ஒப்புதல் வரும்முன் வேலையைத் தொடங்கக் கூடாது. முதலில் போட்டுவிட்டுப் பில்லோடு போனால் ஒன்றும் கிடைக்காது.

## கம்பிவலை வேலி

மேலே மழை, கீழே களை, எதுவும் இதைப் பாதிக்காது. நிம்மதி அதுதான். ஆனால் மனைக்கு வேலி போடுகிற ஆள் போடுவது போல வலையைத் தரைமட்டத்தில் நிறுத்திவிட்டால் பன்றிக்கு அது தடையே இல்லை. அடியில் மூக்கை விட்டு ஒரே தூக்கு. வலை பாவாடை போல மேலே வரும்.

இரண்டு வழி. ஒன்று, 1 அடி வாய்க்கால் தோண்டி வலையைப் புதைத்து மூடுவது. இரண்டாவது, வலையின் அடியை வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்கு மடித்துத் தரையில் படுக்கவைத்துக் கல் அடுக்குவது. பன்றி வேலியின் அடிவாரத்திலேயே மூக்கு வைக்கும், தள்ளி நின்று தோண்டாது. தான் நிற்கிற இடத்துக்கடியிலேயே வலை கிடப்பதால் நெம்ப முடியாது. கல் கிடக்கும் மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண்ணுக்கு இரண்டாவதே மலிவு.

8 அடிக்கொரு கல்தூண் என்றால் சதுரமான 1 ஏக்கருக்கு 104 தூண். மூலைக்கும் வாசலுக்கும் முட்டுக்கொடுக்கத் தனி. பேரையூர், டி.கல்லுப்பட்டிக் கரிசலில் தூணை 2 அடிக்கு மண் போட்டு நட்டால் போதும் என்பவரை நம்பாதீர்கள். கோடையில் கரிசல் வெடித்து, மழையில் ஊதி, இரண்டே வருடத்தில் தூண்கள் சாயும். குழியை ஆழப்படுத்தி அடியில் காங்கிரீட் போட வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வைக்க வேண்டும்.

எல்லா வேலியையும் தோற்கடிக்கிற இடம் வாய்க்கால் குறுக்கிடும் இடம். தண்ணீர் போக விட்ட இடைவெளியில் பன்றியும் வரும். அங்கே மேலே ஒரு கம்பியைக் கட்டி, அதிலிருந்து அரை அடி இடைவெளியில் ஜிஐ பைப்புகளைத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். வெள்ளத்தில் அவை ஒதுங்கிக் கொடுக்கும், குப்பை அடைக்காது. வெள்ளம் வடிந்ததும் பழையபடி தொங்கும்.

முள்கம்பி மட்டும் ஐந்து வரி கட்டுவது மாட்டுக்கு. பன்றி நடுவில் புகுந்து போய்விடும், முள்ளில் ரெண்டு மயிர் மிஞ்சும்.

தென்னை, மா, கொய்யா, வாழை என்று பல வருடம் நிற்கும் தோப்புக்கும், வெளியூரில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கிறவருக்கும் இதுதான். குத்தகை நிலத்தில் போடாதீர்கள். தூண் உங்களோடு வராது.

## சேலையும் வலையும்

பன்றிக்குப் பார்வை மட்டம், மோப்பம் அபாரம். தெரியாத தடுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரியாமல் தயங்கும். அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் சேலை வேலை செய்கிறது. ஐந்தரை மீட்டர்ச் சேலை 1 ஏக்கரைச் சுற்ற 46 ஆகும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்ட 50 வைத்துக்கொள்ளுங்கள். 6 அடிக்கொரு குச்சி நட்டு, கீழ்க்கரையை மண்ணில் புதைக்க வேண்டும். புதைக்காமல் காற்றில் ஆடவிட்டால் இரண்டாம் வாரம் அடியில் நுழைந்துவிடும்.

ஆடிக்காற்றில் இது நிற்காது. நிற்கிற காலத்திலும் மூன்று நாலு வாரம்தான், அதற்குள் துணிச்சலான ஒரு கிடாய் (ஆண் பன்றி) முட்டிப் பார்த்துவிடும். நைலான் மீன்வலை கட்டுகிறவர்களும் உண்டு. பாம்பு சிக்கும், மயில் சிக்கும். மயில் முதல் அட்டவணைப் பறவை, வழக்கு அதற்குத் தனி. சேலையே மேல்.

## மணமும் சத்தமும்

ஒரே வார்த்தையில் சொன்னால், துணைக்கு வைத்துக்கொள்ளலாம்; நம்பிப் படுக்க முடியாது. கந்தகத்தை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேங்காய்நார்க் கயிற்றை ஊறவைத்து, 1 அடி இடைவெளியில் மூன்று வரி கட்டுவது கொஞ்ச நாள் தாங்கும். மழைக்குப் பின் மறுபடி ஊறவைக்க வேண்டும், மண்ணெண்ணெய் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு நாலு வரிசை நெருக்கி விதைப்பது இவற்றில் உருப்படியானது. பன்றி ஆமணக்கைத் தின்னாது, சோளத்தின் மணமும் அடங்கும், விதைக்கு விலையும் உண்டு. தலைமுடியைத் தூவுவதும் முட்டைக் கரைசல் தெளிப்பதும் காற்றும் மழையும் விட்ட வழி.

குருணை மருந்தைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயன்படுத்திய ஃபோரேட் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு தடை செய்யப்பட்ட மருந்து. ஆடு வாய் வைத்தால் அத்தோடு போயிற்று.

ஒலிப்பெருக்கியில் ஆள் கத்துவதையும் நாய் குரைப்பதையும் பதிவுசெய்து ஓடவிடுவது முதல் வாரம் அருமையாக வேலை செய்யும். இடத்தையும் ஒலியையும் நேரத்தையும் மூன்று நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் பழகிவிடும். பிவிசி பைப்பில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கியை வாங்காதீர்கள். வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்க்கிற நொடியில் கண் போய்விடும்.

## காவலும் நாயும்

கடலையின் கடைசி 45 நாளுக்குப் பரண் போட்டுக் காவல் இருப்பது இன்றைக்கும் தோற்காத வழி. நாலைந்து பேர் முறைவைத்துக்கொண்டால் ஆளுக்கு வாரம் ஒன்றிரண்டு ராத்திரி. கூலிக்கு ஆள் வைத்தால் கணக்கு உதைக்கும், வேலியே மலிவாகிவிடும்.

பரணை வயலின் நடுவில் போடுவது வழக்கம். ஆனால் பன்றி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், காற்று அங்கிருந்து உங்களை நோக்கி வீசும்படி போட்டால்தான் அது உள்ளே வருவது முதலில் உங்களுக்குத் தெரியும். இறங்கி விரட்டப் போகாதீர்கள். மேலிருந்தே டார்ச்சும் சத்தமும் போதும். குட்டியோடு இருக்கும் தாய் ஆளை நோக்கி வரும்.

கோம்பை நாயைப் பன்றி வேட்டைக்கு வளர்த்த காலம் உண்டு. இன்று நாயின் வேலை குரைத்து எழுப்புவதோடு முடிய வேண்டும். அவிழ்த்துவிட்டால் கொம்பன் கிடாயின் தந்தம் நாயின் வயிற்றைக் கிழிக்கும், துரத்தியதற்கு வழக்கு உங்கள்மேல் வரும். கட்டிப்போட்ட நாட்டுநாய் இரண்டு, வயலின் இரண்டு மூலையில், போதும்.

## கணக்கிலேயே எடுக்கக் கூடாதவை

கம்பத்திலோ மோட்டார் லைனிலோ கொக்கி போட்டுக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது. இதில் செத்தவர்களில் கம்பி கட்டியவரும் அவர் வீட்டாரும் உண்டு. பக்கத்து வயல்காரர் தண்ணீர் பாய்ச்சப் போய்ச் செத்தால் மரணம் விளைவித்த குற்றம், மின்திருட்டு, பன்றி செத்தால் வன வழக்கு என்று மூன்றும் சேரும். அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியை முதலில் கடிப்பது பெரும்பாலும் மேய்ச்சல் மாடு. தாடை சிதறியும் உடனே சாகாது. சுருக்குக் கண்ணியும் அப்படித்தான், எது மாட்டும் என்று கட்டியவருக்கே தெரியாது.

## ஒரே பார்வையில்

| வழி | கீழ் ஒரு அடி | எவ்வளவு காலம் | பட்டியலில் வராத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| வனத்துறை சுடுதல் | பொருந்தாது | சில வாரம் முதல் சில மாதம் | காத்திருப்பு, அலைச்சல் | காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால், ஊர் ஒற்றுமை |
| சோலார் மின்வேலி | முதல் கம்பி 6–8 அங்குலத்தில் இருந்தால் நல்லது | பராமரித்தால் பல ஆண்டு | களைக் கூலி, பேட்டரி, திருட்டு | சேர்ந்த நிலம், தினமும் ஆள் நடமாட்டம் |
| கம்பிவலை | புதைத்தால் அல்லது மடித்தால் மிக நல்லது | மிக நீண்டது | தூண் அடித்தளம், வாய்க்கால் வாய் | தோப்பு, சொந்த நிலம் |
| சேலை | மண்ணில் புதைத்தால் சுமார் | 3–4 வாரம் | கட்டும் கூலி, காற்று | குறுகிய பயிர், குத்தகை |
| மணம், சத்தம் | இல்லை | 1–2 வாரம் | திரும்பத் திரும்பச் செய்வது | மற்றதோடு துணையாக |
| காவல் | ஆள் விழித்திருக்கும் வரை | பருவம் முழுக்க | தூக்கம், கூலி | முறைவைக்க ஆள் உள்ள இடம் |

## எந்த நிலத்துக்கு எது

உசிலம்பட்டிப் பக்கம் குத்தகைக்கு 1 ஏக்கர் கடலை: விதைத்த 10 நாள் காவல், 60-ஆம் நாளில் சேலை, கடைசி மூன்று வாரம் மறுபடி காவல். வேலிக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

டி.கல்லுப்பட்டிக் கரிசலில் நாலைந்து பேருக்குச் சேர்ந்தாற்போல மக்காச்சோளம்: கூட்டாக மூன்று வரி மின்வேலி. எனர்ஜைசரை யார் வீட்டில் வைப்பது, களை வெட்டும் முறை யாருக்கு எப்போது என்பதை எழுதி வைத்துக்கொள்ளாமல் முதல் கம்பி கட்டாதீர்கள். கூட்டு வேலி கெடுவது பன்றியால் அல்ல. கண்மாய்க் கருவேலத்தில்தான் கூட்டம் படுக்கிறது என்றால், வேலியோடு வனத்துறைக்கான ஊர் மனுவும் ஒரே மாதத்தில் போகட்டும்.

அலங்காநல்லூர், பாலமேட்டுக் கரும்பு: வெளியே அடைத்தும் உள்ளே ஒரு குடும்பம் மிஞ்சிவிட்டால் பயனில்லை. அறுப்பு முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் வாரமே வேலி போடச் சரியான வாரம். பயிர் நிற்கும்போது போட்டால் பன்றியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

சாப்டூர் மலையடிவாரத் தென்னை, மா: அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். பன்றியை விரட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினாலே சிக்கல். அடி மடித்த கம்பிவலை ஒன்றே நிம்மதி. பணம் பத்தாவிட்டால் முதல் மூன்று வருடத்துக்குக் கன்றுகளை மட்டும் தனித்தனியாக வலைக்கூண்டில் அடைத்துவிட்டு, காய்ப்பு வந்ததும் யோசிக்கலாம்.

## பயிர் போய்விட்டால்

உழுது சரிசெய்யும்முன் படம் எடுங்கள். குளம்படி தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, வரப்பும் பக்கத்து மரமும் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. சிட்டா, அடங்கல், விஏஓ சான்றோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்காமல் வராதீர்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் 2026 காரீஃப் பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்க 2025 நவம்பரில் மத்திய அரசு முடிவு செய்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்கும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் இருப்பிடக் குறியுள்ள படத்தோடு பதிய வேண்டும். எனவே போனில் கேமராவுக்கு லொகேஷனை இன்றைக்கே ஆன் செய்து வையுங்கள்.

வயலோரம் காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் செருப்பில் ஒட்டிய சேறு போதும், பக்கத்துப் பன்றிப் பண்ணை காலியாகிவிடும். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை நாயை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.